கிளுவை வேலிக்குள் ஒரு பொருளாதாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னிமலைக்கும் காங்கயத்துக்கும் நடுவே எங்கள் தோட்டம். தெற்கே கொறங்காடு என்னும் மேய்ச்சல் காடு, வடக்கே கீழ்பவானி வாய்க்கால், நடுவில் நொய்யல் ஆறு. பூமி தாங்குகிற அளவுக்குள் எல்லாரும் நல்லபடியாக வாழ ஒரு பொருளாதாரம் உண்டா என்று பல வருடமாகப் படித்தும் பேசியும் வருகிறேன். பேசப் போகும் இடத்திலும், வீட்டுக்கு வரும் ஒரம்பரைகளிடமும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் சில உண்டு. அவற்றுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை.

இது என்ன பொருளாதாரமுங்க? சுருக்கமாச் சொல்லுங்க.

இலையில் ஒரு உளுந்து வடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓட்டை, சுற்றி விளிம்பு. சோறு, குடிதண்ணீர், படிப்பு, மருத்துவம், கட்டுப்படியாகிற கூலி, தன் சொல்லுக்கு மதிப்பு, இவை கிடைக்காதவர்கள் நடு ஓட்டைக்குள் விழுந்து கிடக்கிறார்கள். நம்முடைய மொத்தச் செலவு வெளி விளிம்பைத் தாண்டினால் பூமி தாங்காது. யாரும் ஓட்டைக்குள் விழாமலும் விளிம்பைத் தாண்டாமலும் வடையின் சதைப்பகுதியிலேயே பொழப்பை நடத்த வேண்டும் என்பதுதான் கணக்கு.

2012-ல் இந்தப் படத்தை வரைந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பொருளாதார அறிஞர் கேட் ராவொர்த். அவர் சொன்னது டோனட். நமக்கு வடையே போதும். இப்போதுள்ள படத்தில் உள்வட்டத்தில் 12 அடிப்படைத் தேவைகள், வெளிவட்டத்தில் 9 எல்லைகள். யோஹான் ராக்ஸ்ட்ரம் தலைமையில் விஞ்ஞானிகள் குழு ஒன்று 2009-ல் அந்த 9 எல்லைகளை வகுத்தது. காலநிலை, உயிரினப் பன்மை, நன்னீர், நிலம், தழைச்சத்து மணிச்சத்து உரம், புதிய ரசாயனங்கள், கடலின் அமிலத்தன்மை, ஓசோன், காற்றிலுள்ள நுண்தூசு ஆகியவை அவை. 2023-ல் மறுபடி கணக்கெடுத்தபோது 9-ல் 6 எல்லைகளைத் தாண்டியிருந்தோம். நன்னீர், உரம், ரசாயனம் மூன்றும் அந்த ஆறில் உண்டு. கொங்கு நாட்டில் அந்த மூன்றையும் பார்க்க விஞ்ஞானி வர வேண்டியதில்லை, கிணற்றை எட்டிப் பார்த்தாலே தெரியும்.

வெளிநாட்டுக்காரங்க சொல்றதை நாம எதுக்குக் கேக்கணும்?

அவர்களுக்கு முன்பே நம் ஆள் ஒருவர் சொல்லிவிட்டார். 1892-ல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர், பிறகு காந்தியோடு சேர்ந்து கிராமத் தொழில்களுக்கே வாழ்க்கையைக் கொடுத்தவர். ஜபல்பூர் சிறையில் இருந்தபோது அவர் எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூல் 1945-ல் வந்தது. இயற்கையில் நடக்கும் பொருளாதாரங்களை அவர் வகை பிரிக்கிறார். அடுத்த உயிரைக் கொன்று அதன் மேல் வாழ்வது ஒன்று. கொல்லாமல் அதன் உழைப்பைப் பறித்து வாழ்வது ஒன்று. தான் உழைத்துத் தான் உண்பது ஒன்று. கூட்டத்துக்காக உழைப்பது ஒன்று. கைம்மாறு பாராமல் அடுத்த தலைமுறைக்காக உழைப்பது ஒன்று. தேங்கிக் கிடக்கும் வளத்தைத் தோண்டித் தின்பதற்கும், ஓடிவரும் வளத்தில் அளவோடு மொண்டு வாழ்வதற்கும் உள்ள வேறுபாட்டையும் அவர் விளக்கினார். இந்த இரண்டாவது விஷயம் ஒவ்வொரு கிணற்றுக்காரருக்கும் பொருந்தும்.

கொறங்காடு, கொறங்காடுன்னு சொல்றீங்களே, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

கொங்குக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் மழை குறைவு. மேட்டாங்காட்டில் வருடா வருடம் வெள்ளாமை வைத்தால் கைக்காசுதான் போகும். அதனால் காட்டை மேய்ச்சலுக்கே விட்டார்கள். நான்கு பக்கமும் முள்ளுக்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், ஊடே வெள்வேல மரங்கள். சில வருடத்துக்கு ஒருமுறை உழுது, சோளமோ கொள்ளோ விதைத்துவிட்டு மறுபடி புல்லுக்கு விடுவார்கள். காங்கயம் மாடு உருவானது இந்தக் காடுகளில்தான். கோடையில் புல் கருகிய பிறகு வெள்வேலங்காய் உதிரும். ஆடும் மாடும் அதைப் பொறுக்கித் தின்றே அடுத்த மழைவரை தாக்குப் பிடிக்கும்.

எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, படலைத் திறக்குமுன் குனிந்து புல்லின் தூரைக் கையால் பிடித்துப் பார்ப்பார். தூர் நாலு விரற்கடை உயரமாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே மொட்டையாக இருந்தால் படலைத் திருப்பிக் கட்டிவிட்டு, மாட்டை அடுத்த காட்டுக்கு ஓட்டிவிடுவார். ஒரு வருடம் மழை பொய்த்தபோது நாலு உருப்படியைக் கண்ணபுரம் சந்தையில் விற்றார். அப்பத்தாவுக்கு அது பெரிய வெசனம். மாட்டை வைத்துக்கொண்டு புல்லை இழந்தால் அடுத்த வருடம் இரண்டுமே இல்லை என்று அப்பாரு சொன்னார்.

எல்லை என்பது எனக்கு அந்த நாலு விரற்கடைதான். அதை மேலிருந்து யாரும் போட்டுவிடவில்லை, மேய்க்கிறவரே பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டது.

பழைய காலம் பொற்காலம் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காட்டைக் காத்த பண்ணையாட்களில் பலருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது, ஊர்க் கிணற்றில் தண்ணீர் சேந்தும் உரிமையும் கிடையாது. வடையின் வெளி விளிம்பை மதித்த ஊர், நடு ஓட்டையைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதால்தான் இந்தப் புதிய பொருளாதாரம் எனக்குப் பிடிக்கிறது.

உற்பத்தி மதிப்பு ஏறிக்கிட்டே போனா எல்லாம் சரியாயிடாதா?

நாட்டின் வருமானத்தைக் கணக்கிடும் முறையை 1934-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தந்த சைமன் குஸ்நெட்ஸே, இதை வைத்து மக்களின் நலனை அளக்க முடியாது என்று எச்சரித்தார். ஏன் என்று எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். 40 அடிக் கிணற்றில் தண்ணீர் நின்றால் நாட்டு வருமானத்தில் ஒரு பைசாவும் ஏறாது. கிணறு வற்றித் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வருகிறது. ஆயிரம் அடி ஓட்டுகிறோம். கேசிங் குழாய், சப்மெர்சிபிள் மோட்டார், கேபிள், வங்கிக் கடன், கடைசியில் குடிக்க கேன் தண்ணீர். இவை அத்தனையும் வளர்ச்சிக் கணக்கில் சேர்கின்றன. இழந்த தண்ணீரைக் கழிக்க அந்தக் கணக்கில் பத்தியே இல்லை.

நொய்யல்ல நடந்தது உங்களுக்குத் தெரியும். தொழில் வேணுமா, ஆறு வேணுமா?

இந்தக் கேள்வியில் கோபம் இருக்கும், எனக்கும் உண்டு. என்ன நடந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையும் திருப்பூரும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது நொய்யல். பருத்திப் பின்னலாடைக்குச் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். உப்புத்தான் சாயத்தை நூலோடு பிடித்து வைக்க உதவுகிறது. ஆனால் அந்த உப்பு துணியில் தங்காது, முழுக்க அலசு தண்ணீரோடு வெளியேறிவிடும். திருப்பூர் பெருத்த காலத்தில் அந்தத் தண்ணீர் ஆற்றுக்கு வந்தது. பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சில வருடத்தில் சாயத்தண்ணீர்த் தொட்டியானது. பாசனத்துக்கு என்று கட்டிய அணையின் தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே போராட வேண்டிய நிலை வந்தது.

எங்கள் உறவினர் தோட்டம் அணைக்குக் கீழே. அங்கே போனால் கிணற்றடியில் குளிக்க சோப்பைத் தேய்ப்போம், நுரையே வராது. உடம்பில் பிசின் மாதிரி ஒட்டும். தென்னையில் குரும்பை உதிர்ந்தபடி இருக்கும். வாய்க்காலின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்து, செருப்பில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். அந்த வீட்டு மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மகனுக்குச் சம்பளம் கொடுத்த தொழில்தான் அப்பனின் கிணற்றைக் கெடுத்தது. ஒரே குடும்பத்துக்குள் நடந்த இதை தொழிலா ஆறா என்று இரண்டு கட்சியாகப் பிரித்துப் பார்க்க என்னால் முடிவதில்லை.

விவசாயிகள் வழக்கு நடத்தினார்கள். கழிவு துளியும் வெளியே போகக்கூடாது என்ற உத்தரவு நிறைவேறாததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. பிறகுதான் பூஜ்ய வெளியேற்ற முறை உண்மையாக நடைமுறைக்கு வந்தது. எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் தண்ணீரைப் பிரித்தெடுத்து, மிஞ்சிய செறிவான உப்புநீரைக் கொதிக்க வைத்து, உப்பையும் தண்ணீரையும் மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். பெரும்பகுதித் தண்ணீர் திரும்பக் கிடைக்கிறது. இவ்வளவு பெரிய அளவில் இதைச் செய்து காட்டிய ஊர்கள் உலகிலேயே குறைவு. இதற்காகத் திருப்பூரை மனதார மெச்சுகிறேன்.

மெச்சிய கையோடு இரண்டு விஷயம். உப்புநீரைக் கொதிக்க வைக்க விறகும் நிலக்கரியும் மின்சாரமும் ஏராளமாக வேண்டும். ஆற்றில் போன சுமையில் ஒரு பங்கு இப்போது காற்றில் ஏறுகிறது. திரும்பப் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பும் சேறும் மூட்டை மூட்டையாகக் குவிகின்றன. அடுத்தது, பட்டறைகள் மூடப்பட்ட மாதங்களில் அதிகம் அடிபட்டவர்கள் சேமிப்பு இல்லாத கூலித் தொழிலாளர்கள். எல்லையை நாமே நேரத்தோடு வைத்துக்கொள்ளாததால் நீதிமன்றம் தாமதமாக வந்து வைத்தது. தாமதமாக வந்த எல்லையின் செலவு இளைத்தவன் தலையில் விழுந்தது. நொய்யலில் நான் படித்த பாடத்தில் பாதி இதுதான்.

தொழில்நுட்பம் வளருதுல்ல? சொட்டுநீர் போட்டா தண்ணி மிச்சமாகுமே?

எங்கள் தோட்டத்திலும் சொட்டுநீர்தான். சிறு விவசாயிகளுக்கு முழு மானியம் கிடைக்கிறது, போடுங்கள். ஆனால் மிச்சமான தண்ணீர் எங்கே போனது என்று கேளுங்கள். முன்பு இரண்டு ஏக்கர் மஞ்சள் வைத்தவர், சொட்டுநீர் வந்ததும் நாலு ஏக்கர் வைக்கிறார். போர்வெல் அதே நேரம்தான் ஓடுகிறது, சில சமயம் கூடுதலாகவும் ஓடும். 1865-ல் இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் இதையே நிலக்கரியில் கண்டார். இயந்திரம் சிக்கனமாக ஆக ஆக நாடு எரித்த நிலக்கரி கூடியது. சிக்கனத்தோடு "ஊருக்கு இவ்வளவுதான்" என்ற அளவும் வேண்டும். அளவு இல்லாத சிக்கனம் ஓட்டைக் குடத்தில் நிரப்பிய தண்ணீர்தான்.

கீழ்பவானி வாய்க்கால்ல கசியற தண்ணி வீண்தானே? கான்கிரீட் போட்டா என்ன தப்பு?

இந்தக் கேள்வியால் எங்கள் பக்கம் அண்ணன் தம்பியே பேசாமல் இருக்கிறார்கள். வாய்க்கால் 200 கிலோமீட்டர், பாசனம் 2,07,000 ஏக்கர், மண் வாய்க்கால். கசிவு வீண் என்று பொறியாளர் கணக்கு சொல்கிறது. கசிவுதான் எங்கள் கிணற்றை ஊற வைக்கிறது, கசிவில்தான் ஓடைகளும் தாழ்வான பகுதியின் குடிநீரும் பிழைக்கின்றன என்று கிணற்றுக்காரர்கள் சொல்கிறார்கள். கடைமடைக்காரர்களோ, எங்கள் மதகுக்குத் தண்ணீர் வந்து சேருவதே இல்லையே என்கிறார்கள். மூவர் சொல்வதிலும் உண்மை உண்டு.

என் கருத்தைக் கேட்டால், மண்கரையை மண்கரையாகவே பலப்படுத்தி, உடைப்புகளைச் சரி செய்து, மதகில் களவு போகும் தண்ணீரை முதலில் நிறுத்த வேண்டும். ஒரு பொருள் ஒருவர் கணக்கில் வீணாகவும் மற்றவர் கணக்கில் உயிராகவும் இருக்கும்போது, முழுக்க மூடிவிட்டால் பிறகு திருப்ப முடியாது.

அதே வாய்க்காலில் எல்லாரும் மறந்துபோன ஓர் அழகும் இருக்கிறது. பவானிசாகர் அணை நீர் மொத்தப் பாசனப் பரப்புக்கும் ஒரே போகத்தில் போதாது என்பது ஆரம்பத்திலேயே தெரிந்த விஷயம். அதனால் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பிரித்தார்கள். ஒரு பாதி, அதாவது 1,03,500 ஏக்கர், ஒரு பருவத்தில் நெல்லுக்குத் தண்ணீர் பெறும். மறுபாதி அடுத்த பருவத்தில் கடலை, எள்ளு போன்ற புஞ்சைப் பயிருக்குப் பெறும். அடுத்த முறை மாறிக்கொள்ளும். இருப்பது இவ்வளவுதான் என்று ஒப்புக்கொண்டு, முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு இது. இதைத்தான் இப்போது உலகம் புதுப் பொருளாதாரம் என்று தேடுகிறது.

அப்போ வளர்ச்சியே வேண்டாம்னு சொல்றீங்களா? ஏழை நாட்டுக்காரனைப் பார்த்து அடக்கி வாசின்னு சொல்லலாமா?

சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். கார்பன் டையாக்சைடு கணக்கில் ஓர் இந்தியருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2 டன்தான் வருகிறது. அமெரிக்கருக்கு ஏறக்குறைய 14 டன். குறைக்கும் கடமை முதலில் அவர்களுக்கு. வளர்ச்சியைச் சுருக்கும் பொருளாதாரம் என்று ஐரோப்பாவில் பேசுகிறவர்களும் பணக்கார நாடுகளைத்தான் சுருங்கச் சொல்கிறார்கள். பல்லடத்தில் கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறிக்காரருக்கும், பீஸ் ரேட்டுக்குப் பவர் டேபிளில் உட்கார்ந்து தைக்கும் அக்காவுக்கும் வருமானம் வளரத்தான் வேண்டும். எது வளர வேண்டும், எது போதும் என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். கூலி வளரட்டும், குளம் வளரட்டும், பள்ளிக்கூடம் வளரட்டும். போர்வெல்லின் ஆழம் போதும்.

எந்த நாடாவது இதைச் செஞ்சு காட்டியிருக்கா?

முழுதாக இல்லை. லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 150 நாடுகளை இந்த வடையில் பொருத்திப் பார்த்து 2018-ல் வெளியிட்டார்கள். தேவைகளை எல்லாம் நிறைவேற்றிவிட்டு எல்லைக்குள்ளும் நின்ற நாடு ஒன்றுகூட இல்லை. ஓரளவு நெருங்கியது வியட்நாம். 2020-ல் ஆம்ஸ்டர்டாம் நகரம் இந்தப் படத்தைத் தன் திட்டமிடலுக்கு எடுத்துக்கொண்டது. செய்து முடித்த முன்மாதிரிக்காகக் காத்திருந்தால் நாம் காத்துக்கொண்டேதான் இருப்போம்.

ஒரு ஊராட்சியால என்னங்க பண்ண முடியும்?

மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. சேமிப்பில் கொஞ்சம், வங்கிக் கடன் மீதி. ஊரின் தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆகிற மின்சாரம் போக, மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றுக்கு உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் காற்றாலைகள் சுற்றுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை தனியார் கம்பெனிகளுடையவை. ஓர் ஊரே உடைமைக்காரராக இருப்பது அதிசயமாகத் தெரிகிறது. அதிசயமாகத் தெரியக் கூடாது என்பது என் ஆசை.

பொதுச் சொத்தை அரசும் தனியாரும் மட்டுமே காக்க முடியும் என்ற எண்ணத்தை உடைத்ததற்காக அமெரிக்க ஆய்வாளர் எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. பாசன வாய்க்கால், காடு, மீன்பிடி இடம் என்று தேடித் தேடிப் பார்த்து அவர் கண்டது எளிமையானது. யாருக்கு எவ்வளவு என்ற விதியைப் பயன்படுத்துகிறவர்களே வைத்து, அவர்களே கண்காணித்து, தப்புக்குச் சின்னதாகத் தண்டம் போட்டு வந்த இடங்களில் பொதுச் சொத்து தலைமுறை தாண்டி நின்றிருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் வெட்டிய காளிங்கராயன் வாய்க்கால் இன்றும் ஓடுகிறதென்றால், வெட்டியவரின் புகழோடு வருடா வருடம் தூர் வாரிய கைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அத்திக்கடவு தண்ணிதான் வந்துருச்சே?

அறுபது வருடத்துக்கும் மேலாகக் கேட்ட தண்ணீர். 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவினாசித் திட்டம் தொடங்கியது. பவானியின் உபரி நீரில் 1.5 டிஎம்சி, 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாய் வழியே வருகிறது. எங்கள் ஒரம்பரை ஊரில் குளம் நிறைந்தபோது பெரியவர்கள் கரையில் நின்று அழுததைப் பார்த்தேன். அந்தக் குளத்தைச் சுற்றிப் புதிதாகப் போர் போடும் வண்டிகளையும் பார்த்தேன். அந்த வண்டிகளுக்கு ஊர்க்கூட்டத்தில் ஓர் அளவு வைக்காவிட்டால், வந்த தண்ணீர் வந்த வழியே தெரியாது.

வீட்டளவுல என்ன செய்யலாம்?

ஒரு பருத்திச் சட்டைக்குப் பயிர் முதல் தையல் வரை சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதனால் உடுப்பை நாள்பட உடுத்துங்கள், கிழிந்தால் தையுங்கள். திருப்பூரே சட்டை விற்றுத்தானே பிழைக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆறு வாரத்தில் தூக்கிப் போடும் மலிவான சட்டை நூறு தைப்பதற்குப் பதில், ஆறு வருடம் உழைக்கும் சட்டை முப்பது தைத்து அதே கூலி கிடைக்க வேண்டும். அதற்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் விலை ஏற்றித் தர வேண்டும். வீட்டில் உட்கார்ந்து நாம் மட்டும் தீர்க்கும் காரியம் இல்லை. ஏற்றுமதியாளரும் தொழிற்சங்கமும் அரசும் ஒரே பக்கம் நின்று பேரம் பேச வேண்டிய காரியம்.

சரிங்க, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

கிணற்றிலிருந்து. நைலான் கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, மாதம் ஒருமுறை அமாவாசையன்று இறக்கிப் பாருங்கள். கயிறு நனைந்த இடத்தைப் பார்த்துத் தேதி, அடி இரண்டையும் பம்ப்செட் அறைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதுங்கள். முந்தின நாள் இரவே மோட்டாரை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அளவு தப்பும். எங்கள் வரிசையில் ஐந்து தோட்டக்காரர்கள் மூன்று வருடமாக இதைச் செய்கிறோம். முதல் வருடம் யாரும் யாரிடமும் எண்ணைச் சொல்லவில்லை. போன தையில் ஐந்து பேரும் எங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒரே நோட்டில் எழுதினோம். எண்களைப் பார்த்துவிட்டு, பெரிய மோட்டார் வைத்திருக்கும் மாமாதான் முதலில் பேசினார். இந்தப் பட்டத்துக்குக் கரும்பை விட்டுவிட்டு எள்ளுப் போடலாமா என்று கேட்டார். அடுத்த கூட்டம் பங்குனி அமாவாசை.